எரிமலைத் தீவில் இறங்க முடியாது... ஆனால், பார்க்க எவ்வளவோ இருக்கிறது!

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்கு நெருப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. களிமண்ணைக் கூழாக்கி, அச்சில் வார்த்து, காயவைத்து, கிளேஸ் பூசி, சூளையில் 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால்தான் ஃபியூஸ் கேரியரும் கொலு பொம்மையும் உருவாகும். சூடு இறங்கும் முன் அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் விரிசல்தான் மிச்சம்.

ஏறக்குறைய அதே சூட்டில், ஆளே இல்லாமல் எரிகிற ஒரு சூளை வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதன் பெயர் பேரன் தீவு. தாத்தா - பேரன் உறவு எதுவும் இல்லை. 'பேரன்' என்றால் ஆங்கிலத்தில் 'தரிசு' என்று பொருள். தெற்காசியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை இதுதான். அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் கடலில் போக வேண்டும்.

லீவுக்கு அந்தமான் போகிறவர்கள் இப்போது இந்தத் தீவைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே சுற்றுலாப் பயணிகள் கரை இறங்க முடியாது. கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 'இவ்வளவு தூரம் போய் இறங்காமல் வருவதா?' என்று தோன்றும். ஆனால், அங்கே பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி கரையில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது.

தரிசு மேலே... விளைச்சல் கீழே!

தீவின் அகலம் சுமார் 3 கிலோமீட்டர். உயரம் ஏறக்குறைய 350 மீட்டர். கறுத்த சாம்பலும் உறைந்த எரிமலைக் குழம்புமாகத் தெரியும் இது, ஒரு பெரிய மலையின் உச்சி மட்டுமே. மலையின் அடிவாரம் கடல்மட்டத்துக்குக் கீழே 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கிறது.

ஆழ்கடலில் இப்படி ஒரு மலை செங்குத்தாக நின்றால், அதன்மீது மோதும் நீரோட்டம் அடியில் இருக்கும் சத்து நிறைந்த குளிர்ந்த நீரை மேலே தள்ளிவிடும். அந்தச் சத்தில் மிதவை உயிரிகள் பெருகும். அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும். சிறு மீன்களைத் தேடிச் சூரையும், சூரையின் பின்னாலேயே ஓங்கிலும் வந்து சேரும். ஓங்கில் என்று நம் மீனவர்கள் சொல்வது டால்பினைத்தான்.

இங்கே கடலில் மூழ்கிப் பார்த்தவர்கள் அதிகம் பேசுவது மான்டா எனும் ராட்சதத் திருக்கையைப் பற்றி. சிறகு விரித்தால் 4, 5 மீட்டர்கூட இருக்கும். வாலில் விஷமுள் கிடையாது. இவ்வளவு பெரிய உடம்பு வாழ்வதோ கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவை உயிரிகளைத் தின்று!

எரிமலைக் குழம்பு கடலில் விழுந்தால் அந்த இடத்துப் பவளப்பாறை அழிந்துபோகும். ஆனால், அத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை. இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் 1988-ல் ஓர் எரிமலை வெடித்தது. அதன் குழம்பு கடலுக்குள் பாய்ந்து இறுகிய இடத்தில், 5 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் இறங்கிப் பார்த்தார்கள். 124 வகைப் பவளங்கள் குடியேறியிருந்தன. குழம்பு ஆறிய பிறகு யாரும் கிளறாமல் விட்டால் கடல் தானாகவே குடித்தனம் தொடங்கிவிடுகிறது.

கடலூருக்கும் பேரனுக்கும் என்ன தொடர்பு?

பேரன் தீவின் வெடிப்பு முதன்முதலில் பதிவானது 1787-ல். பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் உறங்கிக் கிடந்த மலை, 1991-ல் விழித்துக்கொண்டது. 2005-ல் மறுபடியும் பொங்கியது. 2025 செப்டம்பரிலும் சிறிய அளவில் வெடித்தது.

இந்திய நிலத்தட்டு, பக்கத்துத் தட்டுக்கு அடியில் மெல்ல மெல்லச் சொருகிக்கொண்டே போகிறது. கீழே போகும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலே இருக்கும் சூடான பாறையை உருகவைப்பதால்தான் இங்கே எரிமலை உண்டானது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே பிளந்ததும் இதே எல்லைக் கோடுதான். அன்று எழுந்த சுனாமி கடலூர்க் கடற்கரையில் என்ன செய்தது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். தள்ளி நின்று பார்க்கச் சொல்வது பயணிகளின் பாதுகாப்புக்காகவும்தான்.

எப்படிப் பார்ப்பது?

* பேரன் தீவுக்குத் தினசரிக் கப்பல் கிடையாது. சிறப்புப் பயணமாகத்தான் போக முடியும். அனுமதி, தேதி, கட்டணம் எல்லாவற்றையும் கிளம்பும் முன் அந்தமான் சுற்றுலாத் துறையிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கடல் அமைதியாக இருக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் வசதி.

* கப்பல் ஏறினால் குமட்டும் என்பவர்கள், மருத்துவரைக் கேட்டு மாத்திரையைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது.

* முதலில் தண்ணீரைப் பார்க்காதீர்கள், பறவைகளைப் பாருங்கள். ஓரிடத்தில் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் பாய்ந்து எழுந்தால், அடியில் மீன் கூட்டம் இருக்கிறது. ஓங்கிலும் அங்கேதான் இருக்கக்கூடும்.

* பைனாகுலரை எடுத்தவுடன் கண்ணில் வைக்க வேண்டாம். வெறும் கண்ணால் கடலை அகலமாக மேய்ந்து, ஏதாவது அசைந்த பிறகு பைனாகுலரை எடுங்கள். காற்று கிளம்பாத காலை நேரமே இதற்கு ஏற்றது.

* கப்பலின் முன்பக்கத்தில் சிதறிப் பறப்பவை குருவிகள் அல்ல, பறவைக் கோலா மீன்கள். குழந்தைகளுக்கு இதைக் காட்டத் தவறாதீர்கள்.

* இரவுப் பயணம் என்றால், விளக்கு வெளிச்சம் இல்லாத பக்கமாக நின்று அலையைக் கவனியுங்கள். ஒளிரும் மிதவை உயிரிகள் இருந்தால், கப்பல் கிழிக்கும் நீரில் நீல வெளிச்சம் தெரியும்.

ஏமாற்றம் அல்ல, ஏற்பாடு!

எரிமலைத் தீவுக் கப்பல் பயணம் என்றாலே உலகம் சொல்லும் பெயர் கலாபகஸ். 1835-ல் டார்வின் போன இடம். இன்று அங்கே ஒரு பயணிகள் கப்பலில் 100 பேருக்கு மேல் போக முடியாது. வழிகாட்டி இல்லாமல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இறங்க முடியாது. எந்த விலங்கிடமிருந்தும் 2 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். தொடக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது. அங்குள்ள கடல் உடும்புகளும் கடல் சிங்கங்களும் மனிதரைக் கண்டு மிரளாமல் படுத்துக் கிடக்கின்றன என்றால், இந்தக் கட்டுப்பாடுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

பேரன் தீவுக்கும் அதே நியாயம்தான். ஓங்கில் கூட்டத்தைக் கண்டதும், 'இன்னும் கொஞ்சம் கிட்டே விடுங்க' என்று மாலுமியை நச்சரிக்கக் கூடாது. பல நாடுகளில் திமிங்கிலத்துக்கும் படகுக்கும் இடையே 100 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று விதியே உண்டு. துரத்தினால் அவை இரையை விட்டுவிட்டு ஓடும், குட்டி தாயைப் பிரியும். துரத்தாமல் நேராகப் போனால், ஓங்கில்கள் தாமாகவே கப்பலின் முன்னலையில் சறுக்கி விளையாட வந்துவிடுவதும் உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகும், போன அன்றைக்குக் கடலில் எதுவுமே தென்படாமல் போகலாம். இது மிருகக்காட்சிச் சாலை அல்ல. புகை கக்கும் ஒரு மலையும் நான்கு கோலா மீன்களும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். 'ஏன் இறங்க விட மாட்டேங்கறாங்க?' என்று பிள்ளை கேட்டால், 'அங்க இருக்கிற எல்லாருக்கும் அது வீடு. நாம வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போறோம்' என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.