புதிய ஒலிபெருக்கி தேவைதானா?

கேமரன் மலையின் கியா பார்மிலும் சரி, கோலாலம்பூரிலும் சரி, மின் கித்தார் கற்கும் மாணவர்கள் பலரிடம் ஒரே மனக்குறையைக் காணலாம். “என் ஒலிபெருக்கியில் நல்ல நாதம் வரவில்லை, வால்வு ஒலிபெருக்கி வேண்டும்” என்பார்கள். விலை கூடிய அக்கருவியை வாங்கித் தருமாறு பெற்றோரை வற்புறுத்துவோரும் உளர். கையிலிருக்கும் டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கியை முழுமையாக அறியாமல் புதியதற்குப் பணம் செலவிடுவது வீண் என்பதே என் கருத்து.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவோம். வால்வு ஒலிபெருக்கியில் ஒலியைக் கூட்டக் கூட, நாதம் சிறிது சிறிதாகக் கரகரப்பாக மாறும். அது காதுக்கு இதமாக இருக்கும். டிரான்சிஸ்டரோ தன் எல்லையைத் தாண்டியதும் ஒலியலையின் முகட்டைச் சட்டென வெட்டிவிடும். அதனால் ஒலி கரடுமுரடாகும். ஆனால், அந்த எல்லைக்குள் அது மிகத் தெளிவாக ஒலிக்கும். 1975ஆம் ஆண்டில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜாஸ் கோரஸ் ஒலிபெருக்கி இத்தெளிவுக்காகவே புகழ்பெற்றது. புளூஸ் இசைக் கலைஞர் பி.பி. கிங்கும் லேப் சீரிஸ் எனும் டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்.

நாதம் கித்தாரிலேயே தொடங்குகிறது. தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் பாகம் பிக்அப் ஆகும். கழுத்துப் பக்கமுள்ள பிக்அப் தடித்த, மென்மையான ஒலியைத் தரும். பாலத்தின் அருகிலுள்ளது கூர்மையான ஒலியைத் தரும். பிறகு, ஒலிபெருக்கியின் கெயின் குமிழைக் குறைத்து, பாஸ், மிடில், டிரெபிள் ஆகிய மூன்றையும் நடுவில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கேளுங்கள். மிடிலை மிகவும் குறைத்தால், குழுவாக வாசிக்கும்போது கித்தாரின் ஒலி மற்ற கருவிகளுக்குள் அமிழ்ந்துவிடும். ஒலிபெருக்கியை அறை மூலையில் தரைமீது வைத்தால் தாழ்ந்த ஒலி மிகுந்து குழம்பும். அதை நாற்காலியின்மீது, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தாலே வேறுபாடு தெரியும். கரகரப்பு வேண்டுமெனில், தெளிவான ஒலியை அமைத்துக்கொண்டு ஓவர்டிரைவ் மிதிக்கருவி ஒன்றை இணைக்கலாம்.

வால்வு ஒலிபெருக்கிக்குத் தனிச்சிறப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. விரலின் அழுத்தத்திற்கேற்ப அதன் நாதம் நுட்பமாக மாறும். எனினும், அந்நாதத்தைப் பெறப் பெரும்பாலும் அதை உரக்க ஒலிக்கச் செய்ய வேண்டும். வீடுகள் நெருங்கியிருக்கும் தோட்டக் குடியிருப்பில் அது பொருந்துமா? அதிகாலையில் வேலைக்குச் செல்வோரின் உறக்கமன்றோ கெடும்! மேலும், வால்வுகள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். மலையில் வாழ்பவர்கள் அதற்காக ஈப்போவரை இறங்கிச் செல்ல நேரிடலாம். சிறிய டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கிகள் பலவற்றில் காதொலிப்பானை இணைக்கும் வசதி இருப்பதால், நள்ளிரவிலும் யாருக்கும் இடையூறின்றிப் பயிற்சி செய்யலாம்.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. ஆகவே, மாணவர்களே, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குமிழை எங்கு வைத்தபோது எத்தகைய நாதம் வந்தது என்று மூன்று மாதங்கள் எழுதி வாருங்கள். அதன் பிறகும் மனநிறைவு ஏற்படவில்லையெனில், உங்களுக்கு எது தேவை என்பதைப் பெற்றோரிடம் தெளிவாக எடுத்துரைக்க உங்களால் இயலும். அப்போது வாங்குவதே முறை.