கறுப்பு நாய்க்கு மட்டும் வீடு கிடையாதா?

நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்களை ஒன்று கேட்கிறேன். காப்பகத்துக்குப் போகிறீர்கள். அங்கே வெள்ளையில் பழுப்பு கலந்த அழகான குட்டி ஒன்று. பக்கத்துக் கூண்டில் நாலு வயதான, ஆகிருதியான கறுப்பு நாய் ஒன்று. எதைக் கூட்டி வருவீர்கள்? பெரும்பாலானவர்கள் குட்டியைத்தான் தூக்குவார்கள். "பெரிசா இருக்குதுங்க, கறுப்பா வேற இருக்குது, பயமா இருக்குதுங்க" என்பதுதான் காரணம்.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில், "சனியனை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றியா?" என்று கேட்கிற பெரியவர்களும் உண்டு. அதே குடும்பம் தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போய், சாம்பல் பூசணியில் விளக்கேற்றிவிட்டு வரும். பைரவருக்கு வாகனமே நாய்தானே! கோயிலில் கும்பிடு, தெருவில் கல்லடி. இது என்ன நியாயம்?

கறுப்பு என்பது மெலனின் என்ற நிறமி, அவ்வளவுதான். நம் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் அதே மெலனின்தான். ஒரு நாயின் குணத்தைக் குட்டியில் பட்ட அனுபவமும், வளர்ப்பும், பரம்பரையும் தீர்மானிக்கின்றன. நம் தென்மாவட்டத்துக் கன்னி நாய் கறுப்புதான். முயல் வேட்டைக்குப் பேர் போன ஜாதி. அதை யாரும் அபசகுனம் என்று ஒதுக்கவில்லையே!

ஆனால் ஒன்று உண்மை. கறுத்த முகத்தில் கண்ணும் புருவமும் தூரத்தில் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. முகபாவம் புரியாததால் "முறைக்குது" என்று நினைத்துவிடுகிறோம். வாலையும், காதையும், உடம்பு விறைப்பாக இருக்கிறதா என்பதையும் கவனித்தால் இந்தப் பயம் பாதி போய்விடும்.

எங்கள் வீட்டிலும் காப்பகத்திலிருந்து வந்த ஒரு கறுப்பன் இருக்கிறான். முப்பது கிலோவுக்கு மேல் எடை. வந்த புதிதில் கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வரமாட்டான். நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். மூன்றாவது மாதம் அவனாகவே வந்து என் காலடியில் படுத்தான். காப்பக நாய்க்குப் பொறுமைதான் முதல் மருந்து.

ஆசை மட்டும் போதாது. நம் ஊரில் இப்படி ஒரு நாயை வளர்க்க மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, வெயில். நம்மைப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கறுப்பு ரோமம் வெயிலை அதிகமாக உறிஞ்சும். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடியில் கட்டிப்போடுவது கொலைக்குச் சமம். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் நடக்கவிடுங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால், அதன் பாதமும் தாங்காது. எச்சில் வழிந்து தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். இருட்டில் லாரிக்காரர் கண்ணுக்குக் கறுப்பு நாய் தெரியாது; கழுத்துப்பட்டையில் ஒளிரும் பட்டி ஒன்று ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, சாப்பாடு. வெங்காயமும் பூண்டும் நமக்கு மருந்து, நாய்க்கு விஷம். ரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். ஆகவே மீந்துபோன குழம்புச் சாதம் வேண்டாம். திராட்சை, சாக்லேட் வேண்டவே வேண்டாம். நமக்கு வாங்கிய பாராசிட்டமால் மாத்திரையையோ, நான் எழுதிக் கொடுத்த சூரணத்தையோ நாய்க்குக் கொடுக்காதீர்கள். அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது: வெறிநோய். "நாய்க்கடிக்குப் பச்சிலை இருக்குதாமே டாக்டர்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சித்த வைத்தியம் முறையாகப் படித்தவன் என்பதாலேயே அழுத்திச் சொல்கிறேன்: எந்தப் பச்சிலையும் தடுப்பூசிக்கு மாற்று இல்லை. வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆண்டுதோறும் உலகத்தில் சுமார் 59,000 பேர் இதற்குப் பலியாவதாக ஒரு கணக்கு உண்டு. நம் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் பிறந்ததே இந்த நோயை எதிர்க்கத்தான்.

எந்த நாய் கடித்தாலும், நகம் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்; ஊசி இலவசம். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். வீட்டு நாய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி தவறக்கூடாது.

பார்த்தீர்களா, இந்த மூன்றில் எங்காவது "நிறம் பார்த்து எடுங்கள்" என்று வந்ததா? காப்பகத்தில் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு. தடுப்பூசி போட்டாச்சா? கருத்தடை ஆச்சா? குழந்தைகளிடம் எப்படிப் பழகுது? இவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைத்து, உங்கள் வீட்டில் இடமும் நேரமும் பொறுமையும் இருந்தால், ஓரமாக உட்கார்ந்திருக்கிற அந்தக் கறுப்பனையே கூட்டி வாருங்கள். அவை இல்லையென்றால் வெள்ளைக் குட்டியும் வேண்டாம்.