அச்சக மாதிரியும் நம் கடைக் கார்டும்

பண்டிகை நெருங்கினால் அச்சகத்துக்குப் போய் மாதிரி ஆல்பத்தைப் புரட்டுவது நமக்குப் பழகிய வேலை. சிவகாசிக் காலண்டரில் படம் முன்பே தயாராக இருக்கும். அடியில் நம் கடைப் பெயர் ஏறும். விளம்பர அஞ்சல் கார்டும் இப்போது அப்படித்தான். டி.டி.பி. கடைக் கம்ப்யூட்டரில் ஏராளமான மாதிரிகள் உண்டு. படத்துக்கு ஒரு கட்டம், தலைப்புக்கு ஒரு கட்டம், விலைக்கு ஒரு வட்டம். பெயரை மாற்றினால் அரை மணியில் கார்டு தயார், டிசைன் கூலியும் மிச்சம். சிறு கடைக்காரருக்கு இது நல்ல வசதி என்றே கருதுகிறோம்.

ஆனால் அந்த மாதிரியைப் போட்டவருக்கு நம் சரக்கும் தெரியாது, நம் எழுத்தும் தெரியாது. ஆங்கிலத்தில் நாலே எழுத்தில் 'ரைஸ்' என்று அடங்கிய கட்டத்தில் நாம் 'இட்லி புழுங்கல் அரிசி' என்று போட வேண்டியிருக்கிறது. ஆபரேட்டர் என்ன செய்வார்? எழுத்தைச் சுருக்குவார். போதாததற்கு, பல மாதிரிகள் ஆறுக்கு நாலு அங்குல வெளிநாட்டு அளவில் வருகின்றன. நம் அஞ்சல் கார்டோ 14க்கு 9 சென்டிமீட்டர். ஆக, எழுத்து மேலும் சிறுக்கும். மாதச் சாமான் பட்டியல் போடும் பெரியவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள்? கட்டத்தில் ஒன்றை எடுத்துவிடச் சொல்லுங்கள்; எழுத்தில் கை வைக்க விடாதீர்கள்.

படத்திலும் இதே கதை. கடையில் இருப்பது வெள்ளைப் பொன்னி, கார்டில் மின்னுவது பாஸ்மதி. நெல்லோடு பிறந்து வளர்ந்த தஞ்சை ஜில்லாக்காரரிடம் இது செல்லுமா? பெரிய கோயில் படமும் வேண்டாம் என்போம். கோயில் மீது நமக்குக் குறையில்லை. ஊரில் பாதிக் கடைகளின் கார்டில் அதுதானே இருக்கிறது! உங்கள் கடை வாசலைப் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

தபால் செலவையும் சொல்ல வேண்டும். 1879இல் காலணாவுக்கு வந்தது நம் நாட்டு அஞ்சல் கார்டு. கையால் எழுதிய கார்டுக்கு 50 பைசா, அதையே அச்சடித்தால் 6 ரூபாய் என்று பல காலம் கட்டணம் இருந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் தபால்தலை குறைத்து ஒட்டினால், மீதியைக் கேட்டுத் தபால்காரர் நம் வாடிக்கையாளரிடம் போய் நிற்பார். 2002இல் முகவரிப் பக்கத்திலேயே விளம்பரம் தாங்கி, 25 பைசாவுக்கு வந்த மேகதூத் கார்டு பெரிய கம்பெனிகளுக்கு ஏற்றதாக இருந்தது, நமக்கு அல்ல. எனவே தபாலில் அனுப்புவது வெளியூர்க் கணக்குகளுக்கு மட்டும் போதும். உள்ளூருக்குச் சாமான் பையிலேயே வைத்து அனுப்பலாம்.

எப்போது அனுப்புவது என்பதை எந்த மாதிரியும் சொல்லாது. மேட்டூர் திறந்து நாற்றங்கால் வேலை நடக்கும்போது காசெல்லாம் வயலுக்குப் போய்விடும். சலுகைக் கார்டை அப்போது யார் பார்ப்பார்? குறுவை அறுத்ததும் ஒரு முறை, தையில் சம்பா அறுத்ததும் ஒரு முறை போகட்டும்.

அச்சுக்கு விடுமுன் ஒரு கார்டை மட்டும் உண்மையான அளவில் எடுத்து, கடையில் வயதான ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தொலைபேசி எண்ணை இருவர் சரிபாருங்கள். நம் கடைத்தெருவில் ஒருவர் கார்டில் மாதிரியில் இருந்த எண்ணே அச்சாகி வந்தது. இரண்டாயிரம் கார்டிலும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினார்.