கைதட்டியது குற்றமா?

பக்கத்து வீட்டுக்கு விருந்தாக வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் சமையலறைக் கதவருகே நிற்கிறான். வெள்ளை உடை, வெள்ளைக் கையுறை, குழைவான பேச்சு. முட்டை கொஞ்சம் கடனாகக் கிடைக்குமா என்கிறான். வீட்டுக்காரி எடுத்துக் கொடுக்கிறாள். கை தவறிப் போட்டு உடைக்கிறான். மன்னிப்புக் கேட்கிறான், மறுபடியும் முட்டை கேட்கிறான். நடுவில் அவன் கை பட்டு அவளுடைய போன் பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரில் விழுகிறது. அது தானாக விழவில்லை என்று நமக்கு உறைப்பதற்குள் அவனுடைய கூட்டாளியும் வீட்டுக்குள் வந்துவிட்டான்.

ஆஸ்திரிய இயக்குநர் மிக்கேல் ஹனெகே 1997-இல் எடுத்த 'ஃபன்னி கேம்ஸ்' படத்தில் வரும் காட்சி இது. ஏரிக்கரை வீட்டுக்கு விடுமுறையைக் கழிக்க வந்த கணவன், மனைவி, ஒரு சிறுவன், ஒரு நாய். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நீங்கள் யாரும் உயிரோடு இருக்க மாட்டீர்கள், பந்தயம் வைத்துக்கொள்ளலாமா என்று அந்த இருவரும் மரியாதை குறையாமல் கேட்கிறார்கள். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இதைத் திரையிட்டபோது பலர் எழுந்து வெளியே போனார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் புதிதாகப் பார்ப்பவர்களின் கோபம் தணிந்தபாடில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன் என்பார்கள். எடுத்தவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பார்கள். படத்தின் முடிவைச் சொல்லாமல் இந்தக் கோபத்தைப் பற்றிப் பேச முடியாது. பார்க்க நினைத்திருப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

முதல் புகார், வன்முறை தாங்க முடியவில்லை என்பது. வேடிக்கை என்னவென்றால், படத்தில் அடி உதையும் ரத்தமும் நேரடியாகத் தெரிவது மிகக் குறைவு. சிறுவன் கொல்லப்படும் நேரத்தில் கொலைகாரர்களில் ஒருவன் ஏதாவது சாப்பிடலாம் என்று சமையலறைக்குப் போகிறான். கேமராவும் அவன் பின்னாலேயே போகிறது. அவன் சாண்ட்விச் செய்துகொண்டிருக்க, நமக்கு வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. அதற்கப்புறம் வருவதுதான் கொடுமை. ஏறக்குறைய பத்து நிமிடம் நீளும் ஒரே ஷாட். ரத்தம் தெறித்த டிவியில் கார்ப் பந்தயம் இரைந்துகொண்டிருக்கிறது. கட்டிப்போடப்பட்ட தாய் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். வெகு நேரம் கழித்து எப்படியோ நகர்ந்து போய் அந்த டிவியை அணைக்கிறாள். கால் உடைந்து கிடக்கும் தகப்பனிடமிருந்து ஓலம் கிளம்புகிறது. மற்ற படங்களில் ஒரு கொலை நடந்தால் அடுத்த விநாடி போலீஸ் ஜீப் வரும், இல்லையென்றால் கதாநாயகன் புறப்பட்டிருப்பான். சாவு விழுந்த வீட்டில் அடுத்த பத்து நிமிடம் எப்படிக் கழியும் என்று உட்கார்ந்து பார்க்கப் பழகாதவர்கள் நாம். 'ரொம்ப வன்முறை' என்று பலர் குறிப்பிடுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான் என்று நமக்குப் படுகிறது.

அடுத்தது ஏளனம். இவ்வளவு மக்கா இந்தக் குடும்பம், ஏன் உள்ளே விட்டாள், ஏன் ஓடவில்லை? இதில் நமக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. மனைவிக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் தட்டிவிடுகிறது. இவர்களை வெளியே அனுப்புங்கள் என்று கணவனிடம் சொல்கிறாள். அவருக்கோ, முட்டைக்காகவா இத்தனை ரகளை என்ற திகைப்பு. இரு தரப்பையும் கேட்டு நியாயம் சொல்லப் பார்க்கிறார். கடைசியில் பொறுமை இழந்து ஒருவனை அறைகிறார்; மற்றவன் கோல்ஃப் மட்டையால் அவர் காலை உடைக்கிறான். அப்புறம் எங்கே ஓடுவது? படித்த, நாகரிகமான மனிதர்கள் வந்தவரிடம் முகத்தைக் காட்டக் கூசுவார்கள் என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கூச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அந்தக் குடும்பத்தை முட்டாள்கள் என்று சொல்லிக்கொள்வதில் பார்ப்பவருக்கு ஒரு லாபம் இருக்கிறது: நான் புத்திசாலி, என் வீட்டில் இது நடக்காது. கொள்ளைச் செய்தியைப் படித்துவிட்டு, அந்த நேரத்தில் ஏன் கதவைத் திறந்தார்கள் என்று கேட்கிறோமே, அதே ஆறுதல்.

காரணமே சொல்லவில்லையே என்று ஒரு குறையும் உண்டு. படத்திலேயே அதற்குக் கிண்டலான பதில் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று தகப்பன் கேட்கும்போது, ஒருவன் தன் கூட்டாளிக்கு வறுமை, கெட்டுப்போன குடும்பம், போதை என்று விதவிதமாகக் கதை கட்டுகிறான். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

இனி, எல்லோரையும் கொதிக்க வைக்கும் இடம். மேசை மேல் கிடந்த துப்பாக்கியைப் பாய்ந்து எடுத்து, இருவரில் ஒருவனைத் தாய் சுட்டுவிடுகிறாள். படம் முழுவதிலும் நம் கண்ணெதிரே துப்பாக்கியால் நடக்கும் ஒரே கொலை இது. கான் அரங்கில் அப்போது கைதட்டல் எழுந்ததாக ஹனெகேயே சொல்லியிருக்கிறார். உடனே மற்றவன் பதறிப்போய் ரிமோட்டைத் தேடி எடுத்து, படத்தையே பின்னோக்கி ஓட்டுகிறான். செத்தவன் பிழைத்துவிடுகிறான். இரண்டாம் முறை அவள் கை நீளும்போது துப்பாக்கி அவனிடம் போய்விடுகிறது. அரங்கம் கப்சிப். ஒரு கொலைக்குத்தானே கைதட்டினீர்கள் என்று பார்வையாளர்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி இயக்குநருக்கு.

இங்கேதான் அவரோடு நமக்கு வழக்கு. அந்த அரங்கில் இருந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் படும் பாட்டை நெஞ்சடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அடைத்த மூச்சு வெளியே வந்தது. அது கைதட்டலாக வந்தது. அதை அந்த இரண்டு இளைஞர்களின் குதூகலத்தோடு ஒன்றாக வைத்து எடை போடுவது அநியாயம். வலியைப் படிப்படியாகக் கூட்டியவரும் துப்பாக்கியை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தவரும் ஹனெகேதானே? நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு இந்தப் படம் தேவையில்லை, கடைசி வரை இருப்பவர்களுக்குத்தான் தேவை என்ற பொருளில் அவர் பேசியதும் உண்டு. அப்படியானால் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்தான் குற்றவாளி! டிக்கெட் வாங்கியவரை இப்படி மடக்குவது சாமர்த்தியம்தான். நியாயமாகத் தெரியவில்லை.

ஆனாலும் அவர் ஒரு புண்ணைத் தொட்டுவிட்டார். வீட்டுக்குள் ஆட்கள் நுழையும் கதைகளில் நாம் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைத்தான். சாம் பெக்கின்பாவின் 'ஸ்ட்ரா டாக்ஸ்' (1971) படத்தில், இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் சாதுவான கணித அறிஞராக டஸ்டின் ஹாஃப்மன் வருவார். வீட்டை முற்றுகையிட்டவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும்போது அவர் முகத்தில் தெரியும் உற்சாகம் மெல்ல நம்மையும் தொற்றிக்கொள்ளும். நம் ஊர் 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) படத்திலும், நெடுஞ்சாலையோர வீடுகளில் நடக்கும் கொலைகளைப் பார்த்து உறைந்துபோனவர்கள் கார்த்தி வேட்டைக்குக் கிளம்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் பழையது. முதலில் பயம், பிறகு பழிவாங்கல். ஹனெகே முதல் பாதியைக் கொடுத்துவிட்டு இரண்டாம் பாதியைத் தர மறுக்கிறார். ஏமாற்றப்பட்டதாக உணர்கிறவர்களின் கோபம் அதனால்தான் இவ்வளவு சூடாக இருக்கிறது.

தன் படம் முதன்மையாக அமெரிக்க ரசிகர்களைக் குறிவைத்தது என்பது அவர் வாதம். அதற்காகவே நவோமி வாட்ஸ், டிம் ராத் நடிக்க, அதே படத்தைக் காட்சிக்குக் காட்சி மாற்றாமல் ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தார். 2008-இல் அமெரிக்காவில் வெளியாகி, அங்கே வசூல் 15 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. பாடம் யாருக்காக நடத்தப்பட்டதோ, அவர்கள் வகுப்புக்கே வரவில்லை.

இன்று இதைப் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். அந்தப் பத்து நிமிட ஷாட்டை விரலால் தட்டி ஓட்டிவிட்டு, படம் கொஞ்சம் ஸ்லோ என்கிறார்கள். கொலைகாரன் கையில் இருந்த ரிமோட் இப்போது பார்ப்பவர் கையில். இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை; படம் மட்டும் வேறு படமாகிவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'செம த்ரில்லர், பாருங்க' என்று இதை நண்பர்களுக்குச் சிபாரிசு செய்கிறவர்கள், குழந்தை சாகும் படம் என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கும், ஒருமுறை வீட்டில் திருடன் புகுந்த அனுபவம் உள்ளவர்களுக்கும் இது பொழுதுபோக்கே இல்லை.

ஹனெகே என்றால் இவ்வளவுதான் என்றும் முடிவுகட்ட வேண்டாம். 2012-இல் அவருக்குக் கான் விழாவின் தங்கப்பனை விருதை வாங்கித் தந்த 'அமோர்' படமும் ஒரு கதவு உடைபடுவதில்தான் ஆரம்பிக்கிறது. உடைப்பவர்கள் தீயணைப்பு வீரர்கள். கச்சேரிக்குப் போய்த் திரும்பும் வயதான தம்பதி, யாரோ தங்கள் வீட்டுப் பூட்டை நெம்பிப் பார்த்திருப்பதைக் கவனிக்கிறார்கள். திருடன் கடைசி வரை வருவதில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் மனைவிக்குப் பக்கவாதத்தின் முதல் அறிகுறி தெரிகிறது. ஹனெகேயைத் திட்டித் தீர்த்தவர்கள் அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். கடிதப் பகுதியில் இடம் ஒதுக்கி வைக்கிறோம்.