நாடகமும் அரங்கக் குறிப்பும்

இயல், இசை, நாடகம் என முத்திறப்பட்டது நம் தமிழ். அவற்றுள் இயல் கற்பார்க்கு உரியது. இசை கேட்பார்க்கு உரியது. நாடகமோ காண்பார்க்கு உரியது. ஆயினும், பள்ளியில் நாடகம் ஏட்டின் வடிவிலேயே மாணவர் கைக்கு வருகின்றது. அங்கே மேடை இல்லை, திரை இல்லை, நடிகரும் இல்லை. காண்பதற்கென அமைந்த ஒன்றைப் படித்தே அறிய வேண்டியவராக மாணவர் இருக்கின்றனர். அவர்க்குக் கண்ணாக அமைவன அரங்கக் குறிப்புகளே ஆகும்.

அரங்கக் குறிப்பாவது யாது? நாடக மாந்தரின் பேச்சு நீங்கலாக, ஆசிரியர் தம் கூற்றாக எழுதி வைக்கும் சிறு தொடர்களே அவை. காட்சியின் தொடக்கத்தில் இடமும் காலமும் குறிக்கப்படும். பேச்சின் இடையே, யார் வருகின்றார், யார் செல்கின்றார், எவ்வாறு நிற்கின்றார், எக்குரலில் பேசுகின்றார் என்பன அடைப்புக் குறிக்குள் சொல்லப்படும். பேச்சு நடிகனுடைய நாவுக்கு. குறிப்பு அவனுடைய உடம்புக்கு. 'வலப்புறம்' என்று குறிப்பில் வருமாயின், அது அவையோரை நோக்கி நிற்கும் நடிகனின் வலப்புறமாகும். காண்பார்க்கு அஃது இடப்புறம். இதனை அறியாதவன் மேடையைத் தலைகீழாகவே எண்ணிக்கொள்வான்.

வகுப்பில் நாடகம் படிக்கும் மாணவர் பலர் இக்குறிப்புகளைத் தாண்டிச் செல்கின்றனர். 'உரையாடலை மட்டும் படித்தால் போதும்' என்று சொல்லும் ஆசிரியரும் உளர். இவ்வழக்கம் களையத்தக்கது என்பது என் துணிபு. குறிப்பை விடுத்துப் படிப்பவன் நாடகத்தின் ஒரு பாதியை இழக்கின்றான். எஞ்சிய பாதியையும் பிழைபட உணர்கின்றான்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். தாயொருத்தி தன் மகனை நோக்கிப் 'போய் வா' என்கின்றாள் எனக் கொள்க. 'புன்முறுவலோடு' என்னும் குறிப்பு இருப்பின், அது வாழ்த்து. 'முகத்தைத் திருப்பிக்கொண்டு' என்று இருப்பின், அது வெறுப்பு. 'கதவைப் பற்றியபடி, தாழ்ந்த குரலில்' என்று இருப்பின், அவள் வாய் 'போ' என்கின்றது. நெஞ்சமோ 'போகாதே' என்கின்றது. சொல் ஒன்று, பொருள் மூன்று. அம்மூன்றனுள் எது என்பதைக் காட்டுவது குறிப்பேயன்றோ?

சில வேளைகளில் கதையின் முடிச்சே குறிப்பில் அமைந்துவிடும். பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' எனத் தமிழில் தந்த 'ஹாம்லெத்' என்னும் ஷேக்ஸ்பியர் நாடகத்தை எண்ணுக. அதன் இறுதிக் காட்சியில் ஹாம்லெத்தும் லேயர்ட்டீசும் வாட்போர் புரிகின்றனர். லேயர்ட்டீசின் வாள்முனையில் நஞ்சு தடவப்பட்டுள்ளது. அவ்வாளால் ஹாம்லெத் புண்படுகின்றான். பின்னர் எழும் கைகலப்பில் வாள்கள் இரண்டும் கைமாறுகின்றன; நஞ்சூட்டிய வாளாலேயே லேயர்ட்டீசும் புண்படுகின்றான். வாள் கைமாறும் அந்தக் கணத்தை நமக்குக் காட்டுவது ஒரு சிறு குறிப்பேயாம். அதனைத் தாண்டிச் சென்ற மாணவன், 'தான் பூசிய நஞ்சால் தானே மாண்டது எங்ஙனம்?' என்று திகைத்து நிற்பான்.

இவையெல்லாம் மேனாட்டு நாடகத்துக்கே உரியவை, நமக்கு வேண்டா என்று சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கை வகுக்கின்றது. புகவும் போகவும் இரு வாயில்கள் உண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளும் உண்டு. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தோன்றும் முறையை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்து, மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே அமைத்தார் தொல்காப்பியர். அகப்பாட்டுகளின் கீழே, இது யார் கூற்று, யாரிடம் எப்பொழுது கூறியது என உரைநடையில் குறிக்கும் வழக்கமும் நமக்குப் பழையது. அக்குறிப்பின்றிப் பாட்டின் பொருள் விளங்காமல் இடர்ப்பட்டவர் அதன் அருமையை அறிவர். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் படித்துச் சுவைப்பதற்கு ஏற்ற நாடகமாகப் போற்றப்படுவது. அதனிலும், களத்தின் தலைப்பில் இடமும் காலமும் குறித்த பின்னரே பேச்சைத் தொடங்குகின்றார் பேராசிரியர் சுந்தரனார்.

அடைப்புக் குறிக்குள் அடங்காத குறிப்புகளும் உள. 'உன் கை ஏன் நடுங்குகின்றது?' என்று ஒருவன் வினவினால், கேட்பவனுடைய கை முன்னரே நடுங்கியிருத்தல் வேண்டும். 'விளக்கைத் தூண்டு' என்றால், அங்கே விளக்கொன்று உண்டு, ஒளியும் மங்கியுள்ளது. இவ்வாறு பேச்சினுள் மறைந்து கிடக்கும் குறிப்பைத் தேடிக் காண்பதே நாடகம் படிப்பார்க்கு நல்ல பயிற்சியாகும்.

இதனைக் கற்பிக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. காட்சியைப் படிக்கத் தொடங்குமுன், வாயில் எங்கே, இருக்கை எங்கே, பலகணி எங்கே என மாணவர் தம் ஏட்டில் ஒரு கட்டம் வரைந்துகொள்க. மாந்தர்தம் பேச்சைப் பலர்க்குப் பகிர்ந்தளிக்கும்போது, குறிப்புகளை மட்டும் உரக்கப் படிக்க ஒரு மாணவனை அமர்த்துக. அவன் படிக்கும்வரை ஏனையோர் காத்திருக்கட்டும். அவன் சொன்னவாறு எழட்டும், நடக்கட்டும், திரும்பட்டும். மற்றொரு நாள், குறிப்புகளை நீக்கிய காட்சியொன்றைக் கொடுத்து, அவற்றை மாணவரையே எழுதச் செய்க. ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதனின்று வேறுபடும். எது பொருந்தும், ஏன் பொருந்தும் என ஆராயுங்கால் நாடகத்தின் உட்பொருள் தானே விளங்கும்.

குறிப்பு எழுதுவார் ஒன்றை மறத்தலாகாது. நடிகன் உடம்பாலோ குரலாலோ செய்து காட்ட இயலாத எதுவும் குறிப்பாகாது. 'பத்து ஆண்டுகளாகத் துன்புற்றவன்' என்று எழுதினால் அவன் என் செய்வான்? 'நரைத்த தலையுடன், கோலூன்றி வருகின்றான்' என்று எழுதினால் அவன் செய்வதறிவான். காண்பவரும் அவன் பட்ட துன்பத்தை உணர்வர்.

தேர்வில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று வினவுகின்றோம். யார் யாரிடம் கூறியது என்று எழுதினால் மதிப்பெண் அளித்து அமைகின்றோம். எந்நிலையில் நின்று, எம்மெய்ப்பாட்டோடு கூறியது என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவத் தொடங்கின், அடைப்புக் குறியைத் தாண்டிச் செல்லும் வழக்கம் தானே ஒழியும்.

மாணவர்களே! அடுத்த முறை நாடகமொன்றைக் கையில் எடுக்கும்போது, சிறிய எழுத்தில் அச்சிட்ட அத்தொடர்களை விரைந்து கடவாதீர்கள். அங்கே சற்றே நின்று நோக்குங்கள். ஏட்டில் எழுத்தாய் உறங்கும் மாந்தர் எழுந்து நடமாடக் காண்பீர்கள்.