ஊர் வழக்கத்தை வகுத்தவர் யார்?



புதுக்கோட்டை மாவட்டம் ஆவூருக்குப் போய்வந்தவர்கள் பூஷே பாதிரியாரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். 1690களில் அங்கே வந்து பணியாற்றிய பிரெஞ்சு சேசு சபைத் துறவி. 1714இல் புதுச்சேரியிலிருந்து பாரிஸ் நீதிபதி ஒருவருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம், நம் பக்கத்தில் வழக்குத் தீர்க்கும் முறையைப் பற்றியது. இங்கே சட்டப் புத்தகமே கிடையாது என்கிறார். வழக்கமும் பழமொழி போன்ற சில விதிகளும்தான் சட்டம். சிறுவர்களுக்கும் அவை தெரியும். ஊர்த் தலைவர் அனுபவசாலிகள் சிலரை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுவார். மரியாதைராமனையும் விடாமல் எழுதியிருக்கிறார்.

படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருந்தது. இன்று நம்மை ஆளும் சட்டங்களில் பத்தைக் கூட நம்மால் சொல்ல முடியாது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தையே இரண்டாம் பக்கம் புரட்டாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாம்! தனக்குத் தானே விதித்துக்கொண்ட சட்டத்துக்குப் பணிவதே சுதந்திரம் என்றார் ஜெனீவாவின் ரூசோ. அந்தக் கணக்கில் பூஷே கண்ட ஊர்கள் நம்மைவிடச் சுதந்திரமானவை.

அப்படிச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அனுபவசாலிகளோடு சேரியிலிருந்து யாராவது உட்கார்ந்திருந்தார்களா?

அதே மாவட்டத்தில், 2022 டிசம்பரில், வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட விவகாரத்தை விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமு, இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்களை விடுவதில்லை என்று அறிந்தார். அவர்களைத் தாமே உள்ளே அழைத்துப் போனார். இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடை மீதும் வழக்குப் பதிவானது. ஊர் வழக்கத்துக்குள் வெளிச்சட்டம் புகுந்துவிட்டது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்த மக்களைக் கேட்டால், ஊர் வழக்கம்தான் அடுத்தவர் போட்ட சட்டம். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு, அம்பேத்கர் தலைவராக இருந்த குழு வரைந்த அரசமைப்பில் இருக்கிறது; அதை எழுதிய கைகளில் அவர்கள் கையும் உண்டு.

நம் சட்டத்தை நாமே வகுக்கலாம் என்றால், சட்டமன்றம் நமக்குத் தூரம். கிராமசபை அப்படியல்ல, ஊராட்சியின் வாக்காளர் எல்லோருமே அதன் உறுப்பினர்கள். ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போய், தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என்ன நடந்தது என்று எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்