ஒரு சுவிட்சுக்காக மொத்தப் பலகையையும் மாற்றணுமா?

ஜெர்மனியின் கீல் நகரத்துப் படகுத்துறைகளில் அக்டோபர் வந்தால் கிரேன்களுக்கு ஓய்வு கிடையாது. கோடை முழுக்க மிதந்த பாய்மரப் படகுகளைத் தூக்கிக் கொட்டகைகளில் நிறுத்துவார்கள். ஏப்ரல் வரை பழுதுபார்ப்புக் காலம். போன குளிர்காலத்தில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர், 70 வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், "உங்களுக்குக் கொஞ்சம் எலக்ட்ரிக் வேலை தெரியும்ல? ஒரு தடவை வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

1980-களின் தொடக்கத்தில் கட்டிய ஃபைபர் படகு. உடம்பு இன்றும் கல் மாதிரி இருக்கிறது. கோளாறு உள்ளே இருந்த மின்பலகையில்தான். 12 சுவிட்சில் இரண்டைக் காணோம், வெறும் ஓட்டைதான் மிச்சம். ஒரு சர்க்யூட் பிரேக்கர் அழுத்தினால் நிற்கவில்லை. பின்பக்கம் செம்பு முனைகள் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தன. பழைய பீங்கான் ஃபியூஸ் ஒன்றின் மேல், முன்பு படகை வைத்திருந்த யாரோ சிகரெட் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றியிருந்தார். இந்த வித்தையெல்லாம் நம்ம ஊரில் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

பெரியவர் முதலில் ஒரு பட்டறையில் கேட்டிருக்கிறார். "கட்டின கம்பெனியே இப்ப இல்ல. பலகையை மொத்தமா மாத்திடுங்க, வயரையும் புதுசா இழுக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகை படகின் விலையில் பாதி. "அதுக்கு இதைத் தூக்கியே போட்டுடலாம்" என்றார் பெரியவர். சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

பலகையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பிரேக்கரின் முதுகில் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் ஆம்பியர் அளவும் தெளிவாக இருந்தன. அதே அளவு, அதே துளை, அதே வேலை செய்யும் பொருள் இன்றும் கிடைக்கிறது. விலை 15 யூரோவுக்கும் குறைவு. காணாமல் போன சுவிட்சுகளுக்கும் அப்படியே மாற்று கிடைத்தது. பீங்கான் ஃபியூஸ் பழைய ஃபோக்ஸ்வாகன் கார்களில் இருந்த அதே ரகம், வெள்ளை என்றால் 8 ஆம்பியர், சிவப்பு என்றால் 16. அதுவும் இன்னும் விற்கிறது. இரண்டு சனிக்கிழமையில் வேலை முடிந்தது.

இதில் என் திறமை என்று ஒன்றும் இல்லை. 40 வருஷத்துக்கு முன்னால் அந்தப் பலகையைச் செய்தவர், கடையில் கிடைக்கும் பொதுவான உதிரிகளைப் போட்டிருந்தார். அவ்வளவுதான்.

மின்பலகை என்பது அழகுக்கு வைக்கிற பொருள் அல்ல. வீட்டில் 230 வோல்ட்டில் 60 வாட் விளக்குக்குக் கால் ஆம்பியர் போதும். படகின் 12 வோல்ட்டில் அதே விளக்குக்கு 5 ஆம்பியர் வேண்டும். எல்லாம் சேர்ந்து ஓடும்போது மெயின் வயரில் 20 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை பூத்த ஒரு முனையின் மின்தடை 0.1 ஓம் ஆனாலே அந்த இடத்தில் 40 வாட் சூடு. கடலைப்பருப்பு அளவு இடத்தில் ஒரு சால்டரிங் அயர்ன் எரிகிற மாதிரி. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். அதன் மேல் வெள்ளிக் காகிதம் சுற்றினால், அடுத்து எரியப்போவது வயர். நடுக்கடலில் தீ பிடித்தால் ஓட இடம் ஏது?

"கண்டவங்க கை வெச்சா ஆபத்து" என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். அதில் பாதி உண்மை உண்டு. கரையிலிருந்து வரும் 230 வோல்ட் இணைப்பை நானும் தொடவில்லை, அது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. பெட்ரோல் எஞ்சின் இருக்கும் இடத்தில் தீப்பொறி வெளியே வராத உதிரிதான் போடணும். ஆனால் உதிரியும் வரைபடமும் கிடைக்காமல் செய்தால் பாதுகாப்பு வந்துவிடுமா? வெள்ளிக் காகிதம்தான் வரும்.

இன்று வரும் பல புதுப் படகுகளில் சுவிட்சுகளே இல்லை. தொடுதிரையும் மூடி ஒட்டிய சர்க்யூட் போர்டும்தான். உள்ளே ஒரு ரிலே போனால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். அந்தக் கம்பெனி அதுவரை இருக்கணுமே! ஜெர்மனியின் பெரிய படகு நிறுவனமான பவாரியா 2018-இல் திவால் மனு கொடுத்து, பிறகு வேறு கைக்கு மாறியது. டேலர் 2008-இல் அதே நிலைக்குப் போய், கிரைஃப்ஸ்வால்டின் ஹான்ஸே நிறுவனத்திடம் போனது. அவற்றை எடுத்து நடத்த ஆள் கிடைத்தது. எல்லாக் கம்பெனிக்கும் கிடைக்காது. ஃபைபர் உடம்போ எளிதில் மக்காது, உரிமையாளரைவிட அதிக நாள் இருக்கும்.

சட்டம் என்ன செய்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்ப்பு உரிமைக்கான நெறிமுறையைக் கொண்டுவந்தது. உறுப்பு நாடுகள் அமல்படுத்தக் கெடு 2026 ஜூலை 31. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், செல்போன், மின்சைக்கிள் பேட்டரி, வெல்டிங் மெஷின்கூட அந்தப் பட்டியலில் உண்டு. படகு இல்லை. இந்தியாவில் 2022-இல் ஒன்றிய அரசு அமைத்த குழு விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகளை எடுத்தது. அங்கேயும் படகைக் காணோம்.

"படகு பணக்காரன் பொம்மை, அதுக்கு எதுக்குச் சட்டம்?" என்று கேட்கலாம். என் பக்கத்து வீட்டுக்காரர் பென்ஷன்காரர். அவரை விடுங்கள், காசிமேட்டையும் நாகப்பட்டினத்தையும் நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் நம் விசைப்படகுகளின் பழுதுபார்ப்புக் காலம். ஜிபிஎஸ், வயர்லெஸ், எக்கோ சவுண்டர், இரவு விளக்கு, தண்ணீர் இறைக்கும் பம்பு எல்லாம் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு சுவிட்ச் போய் இரவு விளக்கு அணைந்தால், எதிரே வரும் சரக்குக் கப்பலுக்கு நம்ம படகு கண்ணில் படாது. அங்கே இது பொழுதுபோக்கு. நமக்கு உயிர்.

நான் கேட்பது மூன்றுதான். ஒவ்வொரு உதிரியிலும் மாடல் எண்ணும் அளவும் அழியாமல் இருக்கணும். விற்கும்போதே வயரிங் வரைபடத்தை வாங்குபவர் கையில் கொடுக்கணும். கம்பெனி மூடினால், வரைபடங்களைப் பொதுவான ஓர் இடத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் மூடணும். இதற்கு அரசுக்குப் பெரிய செலவு இல்லை.

வேலை முடிந்த அன்று, எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். பெரியவர் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பலகையின் பின்பக்கம் ஒட்டினார். "எனக்கு வேண்டாம், எனக்கு அப்புறம் வாங்குறவனுக்கு வேணும்ல" என்றார். அவர் செய்ததைத்தான் சட்டமும் செய்யணும் என்கிறேன்.